வானத்தைக் கடைசியாகப் பார்த்தது எப்போது?

பழங்காலக் கற்கருவிகள் கிடைத்த அத்திரம்பாக்கம் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ஒரு கேள்வி கூடவே வரும். "கல் உருவாகிப் பல கோடி வருஷம் ஆகியிருக்கும். அதை மனுஷன் செதுக்கினது 15 லட்சம் வருஷத்துக்கு முன்னாடின்னு எப்படிச் சொல்றாங்க? கல்லுல தேதி எழுதியா இருக்கு?"

கிண்டலாகக் கேட்டாலும் நியாயமான கேள்விதான். செதுக்கிய நாளைக் கல் எங்கும் குறித்து வைப்பதில்லை. ஆனால் அது மண்ணுக்குள் போய் எவ்வளவு காலமாயிற்று என்பதற்கான கணக்கு, அதன் படிகங்களுக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்கும் முறை, தொல்லியலில் உள்ள காலக்கணிப்பு முறைகளிலேயே அழகானது என்பது என் கட்சி.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் படுகையில் உள்ள அத்திரம்பாக்கத்தை அடையாளம் கண்டார்கள். சென்னைக்கு வடமேற்கே சுமார் 60 கிலோமீட்டர். 1999 முதல் தொல்லியலாளர்கள் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே நிதானமாகத் தோண்டினார்கள். அடியில் இருந்த களிமண் அடுக்குகளில் கைக்கோடாரிகள், பிளவைகள் (அகன்ற வெட்டுமுனை கொண்ட கருவிகள்) என 3,500க்கும் மேற்பட்ட கற்கருவிகள் கிடைத்தன. எல்லாம் குவார்ட்சைட், அதாவது குவார்ட்சுப் படிகங்கள் இறுகிய பாறை. அந்த நுண்ணிய களிமண்ணில் இயற்கையான கூழாங்கற்களே இல்லை. மெல்ல ஓடிக் களிமண் படிய வைக்கும் தண்ணீர், உள்ளங்கை அளவுக் கல்லைத் தூக்கி வந்து நடுவில் வைக்காது. யாரோதான் கொண்டுவந்திருக்க வேண்டும். 2011இல் 'சயின்ஸ்' இதழில் அவற்றின் வயது வெளியானது: 15.1 லட்சம் ஆண்டுகள், 70 ஆயிரம் ஆண்டு கூடுதல் குறைவுடன்.

கீழடிக்குச் செய்ததுபோல் கார்பன் பரிசோதனை செய்திருப்பார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே அது உதவாது. கார்பன்-14இன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், 5,730 ஆண்டுகள். சுமார் 50 ஆயிரம் ஆண்டுகளுக்குள் எண்ணக்கூடிய அளவுக்குக் கீழே போய்விடும். போதாக்குறைக்கு, அது கரியையும் எலும்பையும் கேட்கும். குவார்ட்சைட்டில் அவை எங்கே இருக்கின்றன?

குவார்ட்சு என்றால் சிலிக்கானும் ஆக்சிஜனும், வேறொன்றும் பெரிதாக இல்லை. விண்வெளியிலிருந்து ஓயாமல் வரும் காஸ்மிக் கதிர்கள் பெரும்பாலும் புரோட்டான்கள். வளிமண்டலத்தின் மேலே காற்றணுக்களில் மோதி அவை உடைக்கும்போது நியூட்ரான்கள் சிதறித் தரைக்கு வருகின்றன. தரையில் கிடக்கும் கல்லை அப்படியொரு வேகமான நியூட்ரான் தாக்கினால், சில சமயம் கல்லில் உள்ள ஓர் அணுக்கரு சில்லுச் சில்லாகத் தெறிக்கும். ஆக்சிஜன் கருவிலிருந்து நான்கு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் குறைந்தால் மிஞ்சுவது பெரிலியம்-10. சிலிக்கான் கருவிலிருந்து ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டும் குறைந்தால் அலுமினியம்-26. இரண்டும் கதிரியக்கம் உள்ளவை. குவார்ட்சில் இவை பிறப்பதற்கு இதைத் தவிரப் பெரிய வழி கிடையாது.

அளவு மிகச் சொற்பம். துருவத்தை ஒட்டிய பகுதிகளில், கடல் மட்டத்தில், ஒரு கிராம் குவார்ட்சில் ஆண்டுக்குச் சுமார் நான்கு பெரிலியம்-10 அணுக்கள் உருவாகும். நம்மூர் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் பூமியின் காந்தப்புலம் கதிர்களை அதிகமாகத் திருப்பி அனுப்பிவிடும், இன்னும் குறையும். மலை உச்சியில் பல மடங்கு கூடும். ஆனால் இந்த ஏற்ற இறக்கம் எதுவாக இருந்தாலும், ஒரு பெரிலியம்-10க்கு ஏறத்தாழ 6.75 அலுமினியம்-26 என்ற விகிதம் அநேகமாக மாறுவதில்லை. ஆக்சிஜன் கருவைப் பாதியாக உடைப்பதைவிட சிலிக்கான் கருவின் ஓரத்தைப் பெயர்ப்பது எளிது, அவ்வளவுதான். இந்த மாறாத விகிதத்தின் மேல்தான் மொத்தக் கணக்கும் நிற்கிறது.

இப்போது அந்தக் கல் புதைகிறது என்று வைத்துக்கொள்வோம். பாறைக்குள் ஒவ்வொரு 60 செ.மீ. இறங்கும்போதும் நியூட்ரான்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். மூன்று மீட்டருக்குக் கீழே நூற்றில் ஒன்றுகூட எட்டாது. மண் பாறையைவிட லேசு என்பதால் இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும், ஆனால் கதை அதேதான். புது அணுக்களின் வரவு நின்றுவிட்டது. ஏற்கெனவே சேர்ந்தவை சிதைந்துகொண்டே இருக்கின்றன.

குழாயடியில் இரண்டு குடங்கள், இரண்டிலும் ஓட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள். அலுமினியக் குடத்தின் ஓட்டை பெரிது: அரை ஆயுள் சுமார் 7 லட்சம் ஆண்டுகள். பெரிலியக் குடத்தின் ஓட்டை சிறிது: 13.9 லட்சம் ஆண்டுகள். குழாயை மூடிய பிறகு இரண்டும் காலியாகிக்கொண்டே வரும், வேறு வேறு வேகத்தில். ஒரு குடம் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை. குழாய் மூடியபோது அதில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று நமக்குத் தெரியாது. அந்தக் கல் புதைவதற்கு முன் வெயிலில் பத்தாயிரம் ஆண்டு கிடந்ததா, ஒரு லட்சம் ஆண்டு கிடந்ததா, யாருக்குத் தெரியும்? இரண்டு குடங்கள் இருந்தால் அந்தக் கவலை போய்விடும். எவ்வளவு நிரம்பியிருந்தாலும் 6.75க்கு 1 என்றுதான் நிரம்பியிருக்கும். கல் எந்த மலையிலிருந்து வந்தது, எவ்வளவு உயரத்தில் கிடந்தது என்பதெல்லாம் வகுத்தலில் அடிபட்டுப் போகிறது. எனக்கு இதில் பிடித்த இடம் இதுதான்.

கணக்கு பள்ளிக்கூடக் கணக்கு. இரண்டு சிதைவு வேகங்களின் வித்தியாசத்தை எடுத்தால், அந்த விகிதம் சுமார் 14.3 லட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகும். 6.75 என்பது 3.4 ஆகியிருந்தால், புதைந்து 14.3 லட்சம் ஆண்டுகள். 3.25 என்றால் 15 லட்சத்தைத் தாண்டியாயிற்று. விகிதம் 6க்கு மேல் நின்றால் வயது அளவீட்டுப் பிழைக்குள் அமுங்கிவிடும். ஆகவே ஓரிரு லட்சம் ஆண்டுகளுக்கு உட்பட்ட பொருளுக்கு இந்த முறை சரிப்படாது. மறுமுனையில் சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு அப்பால் அலுமினியம்-26 அநேகமாகத் தீர்ந்துபோயிருக்கும்.

ஒரு சிறு திருத்தம் உண்டு. புதைவதற்கு முன்பே கல் பல லட்சம் ஆண்டுகள் மேற்பரப்பில் அசையாமல் கிடந்திருந்தால், குழாய் திறந்திருக்கும்போதே பெரிய ஓட்டை தன் வேலையைக் காட்டும். தொடக்க விகிதம் 6.75க்குக் கீழே இறங்கும். அணுக்களின் மொத்த எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்த்தால் இது பிடிபட்டுவிடும், சமன்பாட்டில் ஈடுகட்டிவிடலாம்.

ஆய்வகத்தில் முதல் வேலை மனசுக்குக் கஷ்டமானது. கருவியை நொறுக்க வேண்டும். அதற்கு முன் படம் எடுத்து, வரைந்து, அளந்து, எடை போட்டு வைத்துக்கொள்வார்கள். நொறுக்கியதைக் கால் மி.மீ. முதல் அரை மி.மீ. வரையிலான மணலாகச் சலித்து, காந்தத்தால் இரும்புத் தாதுக்களைப் பிரித்து, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவுவார்கள். பிறகு மிக நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் பலமுறை ஊறப் போட்டு மீயொலித் தொட்டியில் குலுக்குவார்கள். இதைச் சோம்பேறித்தனமாகச் செய்தால் மாதிரியே பாழ், அதுவும் இரண்டு விதமாக.

முதலாவது, வானத்திலேயே உருவான பெரிலியம்-10 மழையோடு இறங்கி மணலின் மேல்தோலில் ஒட்டியிருக்கும். கல்லுக்குள் பிறந்ததைவிட அது பல மடங்கு அதிகம். மேல்தோலைக் கரைத்து எடுக்காவிட்டால் பெரிலியக் குடம் பொய்யாக நிறைந்து காட்டும். விகிதம் சரியும், வயது கூடிவிடும். இரண்டாவது, குவார்ட்சோடு கலந்திருக்கும் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். அதில் சாதாரண அலுமினியம்-27 ஏராளம். குவார்ட்சில் அலுமினியம் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவில் இருந்தால் வேலை நடக்கும். ஆயிரத்தைத் தொட்டால் நாம் தேடும் அலுமினியம்-26 அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும்.

சுத்தமான குவார்ட்சு 20 கிராம் கிடைத்தது என்று கொள்வோம். அதை அடர்ந்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் முழுக்கக் கரைப்பார்கள். சிலிக்கான் ஆவியாகப் போய்விடும். கரைக்கும்போதே சாதாரண பெரிலியம்-9ஐக் கால் மில்லிகிராம் அளந்து சேர்ப்பார்கள். சில லட்சம் அணுக்களைத் தனியாகக் கையாள முடியாது, அவற்றைச் சுமக்கத் துணை வேண்டும். பிறகு அயனிப் பரிமாற்றக் குழாய்களில் இரண்டையும் பிரித்து, அமோனியாவால் வீழ்படிவாக்கி, உலையில் சுட்டு, ஆக்சைடுப் பொடியாக்குவார்கள். உலோகப் பொடி கலந்து சின்னக் குப்பிகளில் அழுத்தியதும், அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் துகள் முடுக்கிக்குத் தயார்.

கிராமுக்கு ஒரு லட்சம் பெரிலியம்-10 அணுக்கள் இருந்தால், 20 கிராமுக்கு 20 லட்சம். சேர்த்த பெரிலியம்-9 அணுக்களோடு ஒப்பிட்டால் எட்டு லட்சம் கோடிக்கு ஒன்று. இதில் போரான்-10 என்ற போலியும் இருக்கிறது, நிறை கிட்டத்தட்ட அதேதான். ஆனால் போரானுக்கு ஒரு புரோட்டான் கூடுதல். வாயு அடைத்த அறைக்குள் செலுத்தினால் பெரிலியத்தைவிட அதிக ஆற்றலை இழந்து வழியிலேயே நின்றுவிடும். முடுக்கி கொடுக்கும் வேகம் இதற்காகத்தான் தேவைப்படுகிறது. அலுமினியம்-26க்குப் போலி மெக்னீசியம்-26. அதைத் தடுக்க நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை: மெக்னீசியம் நிலையான எதிர்மின் அயனியாக மாறாது, முடுக்கியின் வாசலைக்கூடத் தாண்டாது. ஆனால் அலுமினியமும் எதிர்மின் அயனியாக மாறுவதில் சுணக்கம் காட்டும். மணிக்கணக்கில் ஓட்டியும் நூறு அணுக்களைத்தான் எண்ண முடிந்தது என்றால் பிழை 10 சதவீதம். வயதில் அது சுமார் 2 லட்சம் ஆண்டு. அத்திரம்பாக்கத்தின் 70 ஆயிரம் என்ற குறுகிய பிழை, ஆறு கருவிகளின் முடிவுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்ததால் வந்தது.

ஆய்வகம் எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும் நிலம் ஏமாற்றலாம். ஆழம் போதாத இடத்தில் மியூவான்கள் எட்டிப் பார்க்கும். நியூட்ரானைவிட வெகு ஆழம் ஊடுருவும் இந்தத் துகள்கள் புதைந்த கல்லிலும் சொட்டுச் சொட்டாகப் புது அணுக்களைச் சேர்க்கும். வயது குறைந்து தெரியும். எதிர்த் திசைத் தவறும் உண்டு. ஆற்றுப்படுகையில் பத்து லட்சம் ஆண்டு புதைந்து கிடந்த கல்லை வெள்ளம் வெளியே எடுத்துப் போட்டு, அதை ஒருவன் பொறுக்கிச் செதுக்கியிருந்தால்? பழைய இருட்டின் கணக்கும் சேர்ந்து வயது ஏறிவிடும்.

இதனால்தான் இன்னொரு சாட்சி தேவை. அத்திரம்பாக்கத்தில் அது காந்தம். களிமண் படியும்போது அதன் இரும்புத் துகள்கள் அன்றைய வடக்கைப் பார்த்துப் படியும். கருவிகள் இருந்த அடுக்குகளில் அவை தலைகீழாக இருந்தன. பூமியின் காந்தப்புலம் கடைசியாக இன்றைய திசைக்குத் திரும்பியது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன். எப்படிப் பார்த்தாலும் அதற்கு முந்தைய மண், குறைந்தது 10.7 லட்சம் ஆண்டு என்பது ஆய்வாளர்களின் முடிவு.

தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபொன்டைன் குகையில் வேறொரு உத்தியைக் கையாண்டார்கள். ஒரே அடுக்கிலிருந்து பல கற்களை எடுத்து, ஒவ்வொன்றின் அலுமினியத்தையும் பெரிலியத்தையும் வரைபடத்தில் புள்ளியிட்டார்கள். புதைந்தபின் சேர்ந்தது எல்லாக் கல்லுக்கும் சமம் என்பதால், அது கோட்டை அப்படியே நகர்த்துமே தவிரச் சாய்வை மாற்றாது. சாய்வுதான் வயது. வேறு வரலாறு கொண்ட கல் கோட்டை விட்டு விலகித் தானாக மாட்டிக்கொள்ளும். 2015இல் 'லிட்டில் ஃபுட்' என்ற ஆதி மனித மூதாதையின் எலும்புக்கூட்டுக்கு 36.7 லட்சம் ஆண்டு என்று இப்படித்தான் கணித்தார்கள்.

15 லட்சம் என்றதும் சமூக ஊடகங்களில் "அன்றே வாழ்ந்த தமிழன்" என்று பட்டாசு வெடிக்கிறார்கள். நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸின் மிகப் பழைய எலும்புகளே, மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை, சுமார் 3 லட்சம் ஆண்டுதான். அத்திரம்பாக்கக் களிமண்ணில் கிடைத்தவை விலங்குப் பற்கள். மனித எலும்பு இல்லை. செய்தது நமக்கு முந்தைய மனித இனமான ஹோமோ எரக்டஸாக இருக்கலாம் என்பது கருவிகளின் பாணியையும் காலத்தையும் வைத்துச் சொல்வது. அவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதற்கு எந்த அமிலத்தில் ஊறப் போட்டாலும் பதில் வராது.

பெருமைப்பட வேண்டும் என்றால் வேறு இடம் இருக்கிறது. அத்திரம்பாக்கத்தின் இந்தக் கணிப்பு பிரெஞ்சு ஆய்வாளர்களுடன் சேர்ந்து நடந்தது. டெல்லியிலும் அகமதாபாத்திலும் இப்போது பெரிலியம்-10, அலுமினியம்-26 எண்ணும் முடுக்கிகள் உள்ளன. அகழாய்வுக் குழி திறக்கும் நாளில் கிடைக்கும் பணத்திலும் கேமராக்களிலும் ஒரு பங்கு, குவார்ட்சு சுத்தம் செய்யும் வேதியியல் கூடங்களுக்கும் அங்கே மாதக்கணக்கில் அமிலம் மாற்றும் ஆய்வு மாணவர்களின் உதவித்தொகைக்கும் போக வேண்டும் என்பேன். முடுக்கி இருந்தும் அதற்குப் போட மாதிரி தயாரிக்க ஆளில்லை என்றால், அது எள் இல்லாத செக்கு.

அருங்காட்சியக அலமாரிகளில் தூங்கும் பழைய கைக்கோடாரிகளை இப்போது எடுத்து வயது பார்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. வெளியே எடுத்து 160 ஆண்டானது பிரச்சினையே இல்லை. அந்த இடைவெளியில் கிராமுக்குச் சில நூறு பெரிலியம்-10 அணுக்கள் சேர்ந்திருக்கும், லட்சங்களுக்கு நடுவே அது தூசு. வயலில் மேலாகப் பொறுக்கியவற்றை விட்டுவிடுங்கள்; அவை எப்போது வெளியே வந்து மறுபடி நிரம்பத் தொடங்கின என்று சொல்ல முடியாது. குழியிலிருந்து எடுத்தவற்றுக்குச் செய்யலாம்தான். ஆனால் மியூவான் கணக்குப் போட, எத்தனை மீட்டர் ஆழத்தில், எந்த மண்ணுக்குக் கீழே கிடந்தது என்று தெரிய வேண்டும். பழைய சேகரிப்புகளின் சீட்டுகளில் பெரும்பாலும் ஊர்ப் பெயர் மட்டும்தான் இருக்கிறது.