நிறுவல்: கேத்திரகணித வகுப்பின் ஒரு சொல்

ஒரு கூற்று உண்மை என்பதை, ஏற்கெனவே ஒப்புக்கொள்ளப்பட்ட கூற்றுகளிலிருந்து படிப்படியாகக் காரணம் காட்டி முடிவுசெய்யும் முறைக்கு இலங்கையின் தமிழ்மொழிமூலக் கணித பாடநூல்களில் வழங்கும் பெயர் ‘நிறுவல்’ என்பதாகும். பரீட்சை வினாத்தாளில் அது ‘நிறுவுக’ என்னும் ஏவலாக வரும். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘நிரூபணம்’, ‘நிரூபிக்க’ என்பனவும் ‘நிறுவுக’ என்பதும் கலந்து வழங்குகின்றன. ஆங்கிலவழி படித்தவர் பேச்சில் ‘புரூஃப்’ என்பதே முந்திக்கொள்கிறது. திருகோணமலையில் சாதாரண தர வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில், இந்தச் சொல்லின் வேரை மாணவருக்கு விளக்கிச் சொல்வது அவர்கள் எழுதும் விடையையே திருத்துகிறது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே சொல்லின் வரலாற்றையும் வகுப்பில் அதற்குள்ள பயனையும் சேர்த்தே எழுதுகிறேன்.

‘நில்’ என்பது தன்வினை. நிற்கச் செய்தல் என்னும் பொருளில் அதன் பிறவினையாக ‘நிறு’, ‘நிறுத்து’, ‘நிறுவு’ ஆகியவை வருகின்றன. நிறுவனம், நிறுவுநர் என்று நாம் அன்றாடம் சொல்வதும் இந்த வேரிலிருந்து வந்தவையே. ‘நிறு’ என்பதற்கு எடைபார்த்தல் என்னும் பொருளும் உண்டு. சந்தையில் பாரையையோ சூரையையோ நிறுத்துத் தரும்படி கேட்கும்போது நம் வாயில் வருவது அந்தச் சொல்தான். நிறை, நிறுவை என்னும் பெயர்களும் அதனோடு சேர்ந்தவை. நிலையாக நிற்கவைத்தல், அளந்து உறுதிசெய்தல் ஆகிய இரண்டு பொருளும் ஒரே வேரில் இருப்பதால், கணிதத்துக்கு இதைவிடப் பொருத்தமான வினையைத் தேடிப் பிடிப்பது கடினம்.

பழைய இலக்கணத்திலும் இந்த வினைக்கு முக்கியமான இடமுண்டு. இரண்டு சொற்கள் புணரும்போது முன்னே நிற்பதைத் தொல்காப்பியம் ‘நிறுத்த சொல்’ என்றும், அதை நோக்கி வந்து சேர்வதைக் ‘குறித்து வரு கிளவி’ என்றும் கூறுகிறது. பின்னாளில் இவற்றையே நிலைமொழி, வருமொழி என்றார்கள். முதலில் ஒன்றை நிறுத்தாமல் அடுத்தது வந்து சேர இடமில்லை என்னும் இந்த ஒழுங்கு, கேத்திரகணித (வடிவியல்) நிறுவலின் ஒழுங்கும் ஆகும். ஒவ்வொரு வரியும் தனக்கு முன்னே நிறுத்தப்பட்ட ஒரு வரியைப் பற்றிக்கொண்டே வருகிறது. தமிழிலக்கண வகுப்பில் புணர்ச்சி படித்த பிள்ளைக்கு இதைச் சொன்னால் உடனே விளங்குகிறது.

பிற மொழிச் சொற்களின் பொருள் வேறு திசையில் செல்கிறது. ‘புரூஃப்’ என்பது சோதித்துப் பார்த்தல், நல்லதென ஏற்றல் என்னும் பொருளுள்ள இலத்தீன் வினையான ‘புரொபாரே’ என்பதன் வழிவந்தது. கி.மு. 300 அளவில் அலெக்சாந்திரியாவில் 13 பாகங்களாக ‘மூலகங்கள்’ என்னும் நூலை எழுதிய யூக்கிளிட்டின் மொழியில் நிறுவலுக்குப் பெயர் ‘அபொதெய்க்சிஸ்’, அதாவது எடுத்துக் காட்டுதல். நிறுவலின் முடிவில் அவர் வைக்கும் தொடரும் ‘காட்டவேண்டியிருந்தது எதுவோ அது’ என்றே பொருள்படும். அதன் இலத்தீன் வடிவத்தின் சுருக்கம்தான் பழைய ஆங்கிலப் புத்தகங்களில் காணும் ‘கியூ.ஈ.டி.’ என்பது. நம் வினாத்தாள்களில் ‘நிறுவுக’ என்பதற்குப் பதிலாகச் சில இடங்களில் வரும் ‘எனக் காட்டுக’ என்னும் தொடர் இந்தக் கிரேக்கப் பொருளோடு ஒத்திருக்கிறது. ‘நிரூபணம்’ என்பது வடசொல். ‘ரூபம்’ என்பதன் அடியாகப் பிறந்து, நுணுகிப் பார்த்து வரையறுத்தல், விளக்கி உரைத்தல் என்னும் பொருள்களைத் தருவது. இந்தியக் கணித மரபில் நிறுவலுக்கு வழங்கிய பெயர் ‘உபபத்தி’ என்பதால், வடமொழி மரபைக் காரணங் காட்டி நிரூபணத்தைத் தாங்கிப் பிடிக்கவும் இடமில்லை.

தமிழிலேயே வேறு சொற்களும் உள்ளன. ‘மெய்ப்பித்தல்’ நல்ல சொல்; எனினும் ‘மெய்ப்பு’ என்பது அச்சுப்பிழை பார்க்கும் தாளுக்கு நிலைத்துவிட்டது. ‘எண்பித்தல்’ என்பதை இலங்கையில் நீதிமன்றத் தமிழ் எடுத்துக்கொண்டது. குற்றம் எண்பிக்கப்படும், தேற்றம் நிறுவப்படும். இந்தப் பிரிவினை வீண் பிரிவினை அன்று. நீதிமன்றத்தில் சாட்சிகளின் வலிமையைக் கொண்டு நியாயமான ஐயத்துக்கு அப்பால் ஒரு முடிவு எட்டப்படுகிறது. கேத்திரகணிதத்திலோ ஆயிரம் சாட்சிகள் வந்தாலும் ஒரு காரணத்தின் இடத்தை அவை நிரப்பமாட்டா. அதனாலேயே ‘சான்று’, ‘ஆதாரம்’ என்னும் சொற்களையும் நிறுவலுக்கு ஈடாக நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை.

இந்த வேறுபாட்டை நம் தருக்க மரபைக் கொண்டு இன்னும் தெளிவாகச் சொல்லலாம். சைவம் படித்தவர்களுக்கு மேற்கோள் (சாதிக்க எடுத்துக்கொண்ட கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்னும் மூன்றும் பழக்கமானவை. 13 ஆம் நூற்றாண்டில் எழுந்த சிவஞானபோதம் தன் 12 சூத்திரங்களையும் இந்த முறையிலேயே விளக்கிச் செல்கிறது. அதற்கு முன்பே மணிமேகலையின் 29 ஆம் காதை, இந்த மலை நெருப்புடையது, ஏனெனில் புகையுடையது, அடுக்களையைப் போல என்று பௌத்த தருக்கத்தின் உறுப்புகளை அடுக்கிக் காட்டுகிறது. மேற்கோளும் ஏதுவும் கேத்திரகணிதத்திலும் உண்டு. முன்னதை ‘நிறுவ வேண்டியது’ என்கிறோம், பின்னதை ஒவ்வொரு வரியின் வலப்பக்கத்திலும் அடைப்புக்குறிக்குள் எழுதுகிறோம். ஆனால் அடுக்களைக்கு அங்கே இடமில்லை. எடுத்துக்காட்டு ஒரு கூற்றைப் புரியவைக்கும், நம்பவைக்கும், அதை நிறுவாது.

மாணவர் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கீழ் வகுப்புகளில் அவர்கள் முக்கோணியை வரைந்து, பாகைமானியால் கோணங்களை அளந்து, கூட்டுத்தொகை 180 பாகை வருவதைக் கண்டிருக்கிறார்கள். பாடநூல் அந்தச் செயலுக்கு ‘வாய்ப்புப் பார்த்தல்’ என்று வேறொரு பெயரை வைத்திருக்கிறது. அது மிகச் சரியான பெயர். அளந்து பார்த்தது அந்த ஒரு முக்கோணியில் கூற்று வாய்த்தது என்பதையே சொல்கிறது, அதுவும் பாகைமானியின் நுணுக்கம் அனுமதிக்கும் அளவுக்கு மட்டும். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வரும் பிள்ளைகளோ உவர்மலைப் பிள்ளைகளோ, எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “சேர், படத்தைப் பாத்தாலே சமன் எண்டு தெரியுதுதானே, பிறகேன் நிறுவ வேணும்?” நியாயமான கேள்வி. அதற்கு நான் தரும் விடை, இன்னும் வரையப்படாத முக்கோணிகளுக்கும் சேர்த்தே நாம் பேசுகிறோம் என்பதுதான். பார்த்தது பார்த்த படத்தோடு நின்றுவிடும்.

இனி ஒரு நிறுவலை அருகே வைத்துப் பார்ப்போம். இருசமபக்க முக்கோணி ஒன்றின் சமபக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்கள் சமனாகும் என்பது தேற்றம். முக்கோணியின் உச்சிகளை க, த, ப எனக் கொள்வோம். தரவு: கத = கப. நிறுவ வேண்டியது: த இலுள்ள கோணம் ப இலுள்ள கோணத்துக்குச் சமன். அமைப்பு: க இலுள்ள கோணத்தின் இருகூறாக்கியை வரைந்து, அது தப ஐச் சந்திக்கும் புள்ளியை ம எனப் பெயரிடுக. நிறுவல்: கதம, கபம ஆகிய இரு முக்கோணிகளிலும் கத = கப (தரவு); கோணம் தகம = கோணம் பகம (அமைப்பு); கம பொதுப்பக்கம். ஆகவே முக்கோணிகள் ஒருங்கிசைகின்றன, அதாவது ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துகின்றன (பக்கம், கோணம், பக்கம்). எனவே கோணம் கதம = கோணம் கபம (ஒருங்கிசையும் முக்கோணிகளின் ஒத்த மூலகங்கள்).

நான்கு தலைப்புகளில் மாணவர் அதிகம் அலட்சியம் செய்வது ‘தரவு’ என்பதை. ‘தா’ என்னும் வினையிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்குத் தரப்பட்டது என்பதே பொருள். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றே பெயர். தரப்படாத எதையும் அங்கே எழுத நமக்கு உரிமையில்லை. அடுத்த பெரும்பிழை ‘அமைப்பு’ என்பதில் நிகழ்கிறது. “கம ஐ, தப இற்குச் செங்குத்தாகவும் அதை இருசமகூறிடுமாறும் வரைக” என்று எழுதிவிடுகிறார்கள். க இனூடாக ஒரு கோட்டை வரையும்போது ஒரு நிபந்தனையைத்தான் நாம் விதிக்கலாம்; இரண்டாவது நிபந்தனை தானாகவே நிறைவேறுகிறது என்றால் அதையும் நிறுவியாக வேண்டும். கோண இருகூறாக்கியை வரைந்தால் பக்கம், கோணம், பக்கம் என்னும் நிலைமை கிடைக்கும். ம ஐத் தப இன் நடுப்புள்ளியாக எடுத்தால் மூன்று பக்கங்களும் சமன் என்னும் நிலைமை கிடைக்கும். செங்குத்தை வரைந்தால் செங்கோண முக்கோணிகளின் செம்பக்கமும் (செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம்) வேறொரு பக்கமும் சமன் என்னும் நிலைமை கிடைக்கும். மூன்றையும் மூன்று தனித்தனி விடைகளாக எழுதவைப்பது நான் கண்டவற்றுள் மிகப் பயனுள்ள பயிற்சி. எதை நிறுத்தினேன், அதன் மேல் எது வந்து நின்றது என்பதை அந்தப் பயிற்சி ஒவ்வொரு முறையும் கேட்கிறது.

அமைப்பே இல்லாமலும் இந்தத் தேற்றத்தை நிறுவலாம். பழங்கிரேக்கத்தின் பிற்காலக் கணிதவியலாளரான பாப்பசு என்பவரின் பெயரால் வழங்கும் முறை அது. கதப என்னும் முக்கோணியை கபத என்னும் முக்கோணியோடு, அதாவது புரட்டிப் பார்த்த அதே முக்கோணியோடு, ஒப்பிடுகிறோம். கத = கப; கப = கத; இடைப்பட்ட கோணம் இரண்டுக்கும் பொது. ஒருங்கிசைவு உடனே கிடைக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் இதைக் கண்டு மகிழ்வதைப் பார்ப்பது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தரும்.

இன்னொரு பிழை வெளியே எளிதில் தெரியாது. த இலும் ப இலும் உள்ள கோணங்கள் சமன் என்பதையே ஒரு வரியாக எழுதி, கோணம், கோணம், பக்கம் என்று ஒருங்கிசைவைக் காட்டி, அதிலிருந்து அந்தக் கோணங்கள் சமன் என முடிப்பார்கள். வரிகள் ஒழுங்காக இருக்கும். காரணங்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஆனால் நிற்கவேண்டிய கூற்று தன்மேல் தானே நிற்கிறது. அந்த விடைத்தாளில் சிவப்புக் கோடு போடுவதோடு நின்றுவிடாமல், குறித்த வரியின் அருகே ‘இதை எங்கே நிறுவினீர்?’ என்று எழுதிவிடுவது என் வழக்கம். சொல்லின் பொருள் தெரிந்த பிள்ளைக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

நிறுவலின் முடிவில் கிடைப்பதற்கு நாம் இட்ட பெயரும் ஆழமானது. ஆங்கிலத்தில் ‘தியரம்’ எனப்படும் சொல், நோக்கிக் காணுதல் என்னும் கிரேக்க வினையிலிருந்து வந்தது. தமிழில் ‘தேற்றம்’ என்பது ‘தேறு’ என்பதன் அடியாக வந்து, தெளிவையும் உறுதியையும் குறிப்பது. ஏகார இடைச்சொல்லின் பொருள்களைக் கூறும் தொல்காப்பிய நூற்பா தொடங்குவதே ‘தேற்றம்’ என்னும் சொல்லில்தான். ‘உண்டே மறுமை’ என்பதில் ஏகாரம் மறுமை உண்டு என்று உறுதிசெய்வதைப் போன்ற உறுதி அது. தேற்றத்துக்கு அடிப்படையாக, நிறுவாமலே ஏற்றுக்கொள்ளப்படுபவை ‘வெளிப்படை உண்மைகள்’. ஒரே கணியத்துக்குச் சமனானவை தம்முள்ளும் சமனாகும் என்பது அவற்றுள் ஒன்று. சிலவற்றை நிறுவாமலே ஏற்றுக்கொள்ளாவிட்டால் தொடங்கவே முடியாது என்பதை மாணவருக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

இத்தகைய சொற்கள் தாமாக வந்துவிடவில்லை. திருகோணமலை இந்துக் கல்லூரியோடு நெருங்கிய தொடர்புடையவரும் விஞ்ஞானப் பட்டதாரியுமான சுவாமி விபுலாநந்தர், 1930களில் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க முயற்சிகளில் முன்னின்றவர். சுதந்திரத்துக்குப் பின்னர் இலங்கை அரசகரும மொழித் திணைக்களம் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. முக்கோணி, நாற்பக்கல், தொடலி, ஆரை என்று நாம் தயக்கமின்றி எழுதுவது அந்த உழைப்பின் பயன்.

பயன்பாட்டில் கவனிக்கவேண்டியவை சில உள்ளன. ‘உய்த்தறிக’ என்று வினா கேட்டால், சற்றுமுன் நிறுவியதைப் பயன்படுத்தியே அடுத்த முடிவைப் பெறவேண்டும். புதிதாக வேறு வழியில் நிறுவினால் கேட்டதற்கு விடையாகாது. ‘வாய்ப்புப் பார்க்க’ என்றால் எண்களையோ அளவுகளையோ கொண்டு பார்த்தால் போதும். பெயர்ச்சொல்லாக எழுதும்போது ‘தேற்றத்தின் நிறுவல்’ என்பது சரி. ‘நிறுவலைச் செய்க’ என்று எழுதத் தேவையில்லை, ‘நிறுவுக’ என்றாலே போதும். உயர்தரத்துக்குச் செல்லும் மாணவர், கூற்று பொய்யெனக் கொண்டு முரண்பாட்டை அடையும் முறையையும் கணிதத் தொகுத்தறி முறையையும் சந்திப்பர். அங்கேயும் முறையின் பெயர் மாறுமே தவிர, ‘நிறுவல்’ என்னும் சொல் மாறுவதில்லை.