பாவித்த ஷொக், ஸ்பிரிங்: காசு அனுப்புமுன் அளந்து பாருங்கள்

திருகோணமலையில் இருந்துகொண்டு கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பாவித்த வாகனப் பாகம் விற்கும் கடைக்குப் போன் எடுத்து "அக்சியோ காருக்கு முன் ஷொக் அப்சோர்பர் ஒரு சோடி" என்று கேட்டால், கடைக்காரர் கையில் இருக்கும் சோடி பஸ்ஸில் வந்து சேரும். பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவும் அலைச்சலும் உங்களுக்குத்தான். கடைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. டொயோட்டா அக்சியோ என்ற பெயர் போதாது. 2006 இல் வந்தது 140 வரிசை, 2012 இல் வந்தது 160 வரிசை. 140 வரிசையிலேயே சாதாரணக் காருக்கு 141, நாலு சில்லும் இழுக்கும் காருக்கு 144 என்று தனி இலக்கம் உண்டு. 160 வரிசையில் 165 ஹைபிரிட். அதில் பற்றரியின் பாரம் பின்பக்கம் இருப்பதால், சாதாரண 161 இன் பின் ஸ்பிரிங்கை அதற்கும் சரி என்று எடுக்கக் கூடாது.

ஆகவே பதிவுச் சான்றிதழைப் பார்த்து 141, 165 போன்ற குறி உள்ள, சேசிஸ் இலக்கத்தின் முன்பகுதியை முழுதாகச் சொல்லுங்கள். சுசுகி வேகன் ஆர் வைத்திருப்போருக்கு அதுவும் போதாது. எம்.எச். 34 எஸ் என்ற ஒரே குறியில் முன் சில்லு இழுவை, நாலு சில்லு இழுவை இரண்டும் வந்திருக்கிறது. பின் அச்சில் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரப் பெட்டி தொங்குகிறதா (தொங்கினால் நாலு சில்லு இழுவை) என்று குனிந்து பார்த்துவிட்டே போன் எடுங்கள்.

டொயோட்டா பாகத்தில் பத்து இடங்கள் கொண்ட இலக்கம் இருக்கும். 48510 என்று தொடங்கினால் வலது முன் ஷொக், 48520 இடது, 48530 பின் ஷொக், 48131 முன் ஸ்பிரிங். "நம்பர் சரி" என்று சொல்லும்போது பலர் இந்த முதல் ஐந்தைத்தான் பார்க்கிறார்கள். அது எந்தப் பாகம் என்பதை மட்டுமே சொல்லும். எந்தக் காருக்கு என்பது பின் ஐந்தில் இருக்கிறது.

ஸ்டிக்கர் கிழிந்திருந்தால் வேர்னியர் அளவுகோல்தான் வழி. காரை ஜக்கில் ஏற்றி, ஸ்டாண்ட் வைத்து, சில்லைக் கழற்றுங்கள். ஷொக்கின் அடியில் உள்ள இரண்டு போல்ட் துளைகளும் ஒரே அளவென்றால், ஒன்றின் மேல் விளிம்பிலிருந்து மற்றதன் மேல் விளிம்பு வரை அளந்தாலே மைய இடைவெளி கிடைத்துவிடும். துளையின் விட்டம், நக்கிள் (சில்லைத் தாங்கும் இரும்பு) நுழையும் இடைவெளி, ஸ்டெபிலைசர் லிங்க் (கார் சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பு) மாட்டும் காதின் உயரம், பிரேக் ஹோஸ் பிடியின் இடம் ஆகியவற்றையும் குறியுங்கள். லிங்க் காது இடம் மாறினால் ஷொக் ஏறிவிடும், லிங்க் வளைந்து நின்று சீக்கிரம் சத்தம் போடும். தண்டு முழுதாக நீண்ட நிலையில் நீளம் குறைவென்றால் ஒவ்வொரு குழியிலும் "டக்" என்று இழுபடும். கூடினால் சில்லு அளவுக்கு மீறித் தொங்கி, டிரைவ் ஷாஃப்ட் மூட்டு சிரமப்படும்.

ஸ்பிரிங்கில் கம்பித் தடிப்பை டேப்பால் அளக்காதீர்கள். விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கோடு கூடுவது. சுற்றும் அகலமும் ஒன்றாக இருந்து 11 மில்லிமீற்றர் 12 ஆனால், விறைப்பு ஏறக்குறைய 40 சதவீதம் ஏறிவிடும். பெயின்ற்றின் தடிப்பும் அளவில் சேராமல் பாருங்கள்.

பொருந்தினாலும் பாகம் உயிரோடு இருக்க வேண்டும். நாலு சில்லு இழுவைக் கார்கள் ஜப்பானின் பனிப் பகுதிகளில் அதிகம், அங்கே வீதிக்கு உப்புத் தூவுவார்கள். அந்தத் துருவோடு இங்கே நிலாவெளி, குச்சவெளிக் கடற்காற்றும் சேர்ந்தால் ஸ்பிரிங் அமரும் தட்டு முதலில் அரிபடும். அந்தத் தட்டில் புதுக் கறுப்புப் பெயின்ற் பளபளத்தால், ஸ்குரூ டிரைவர் நுனியால் தட்டிப் பாருங்கள்.

தண்டின் குரோமில் சிறு புள்ளிக் குழி இருந்தாலும் வேண்டாம், அது சீலை அறுத்துவிடும். கடையில் படுத்துக் கிடந்த ஷொக்கை நிமிர்த்தி நாலைந்து முறை அழுத்தி இழுத்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். அதன் பிறகும் நடுவில் வெற்றிடம் போல் இலேசாக ஓடினால் எண்ணெய் போய்விட்டது. ஸ்பிரிங்கோடு வரும் ஷொக்கில், ஸ்பிரிங் கம்ப்ரெசர் பூட்டாமல் மேல் நட்டை யாரும் தொடவே கூடாது. அது வெடித்துத் தெறிக்கும்.

காசு அனுப்புமுன் வாட்ஸ்அப்பில் நாலு படம் கேளுங்கள்: முழு இலக்கம், அடிமட்டம் பக்கத்தில் வைத்த துளைகள், முழுதாக இழுத்த தண்டு, மூட்டில் உள்ள புஷ் ரப்பர். வண்டியின் சேசிஸ் குறியையும், பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்பதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.