ஜாடிக்கு வெளியே நீளும் கைகள்

சென்ற தவணை உயர்தர அரசறிவியல் வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தேன். பூமிக்கு வெளியே ஒரு கிரகம். அங்கே சட்டம் போடுவது யார், வயல் செய்வது யார், தண்ணீர் பங்கிடுவது யார்? ஐந்து குழுக்கள் எழுதின. நான் சாதி என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஆனாலும் நான்கு குழுக்களின் கிரகத்தில் சாதி இருந்தது.

ஒரு பெடியனுடைய தாளில் நீல ஆட்கள் யோசிப்பார்கள், சிவப்பு ஆட்கள் சண்டை பிடிப்பார்கள், சாம்பல் ஆட்கள் குப்பை அள்ளுவார்கள். சாம்பல் ஆட்களுக்கு அவன் வாய் வரையவில்லை.

"சாம்பல் வீட்டுப் பிள்ளை ஒண்டு படிக்க ஆசைப்பட்டா?"

"ஏலாது ரீச்சர். அதுகள் பிறக்கேக்கையே அப்பிடி. தேனீ மாதிரி."

அந்தப் "பிறக்கேக்கையே அப்பிடி"தான் என்னை இதை எழுத வைக்கிறது.

தேனீயிலிருந்தே தொடங்கினேன். ராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே வகை முட்டையிலிருந்துதான் வருகின்றன. புழுவாக இருக்கும்போது என்ன ஊட்டப்படுகிறது, எந்த அறையில் வளர்கிறது என்பதுதான் பெரும் வேறுபாட்டை உண்டாக்குகிறது. எச். ஜி. வெல்ஸ் 1901 இல் வெளியிட்ட நிலவுப் பயண நாவலிலும் இதே சங்கதி உண்டு. நிலவுவாசிகள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொழிலுக்கென்றே உருவாக்கப்பட்டவர்கள். ஓரிடத்தில் குஞ்சுகளை ஜாடிகளுக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். முன்கைகள் மட்டும் வெளியே நீண்டிருக்கின்றன, இயந்திரம் இயக்கப் பழக்குவதற்காக. கற்பனை உலகத்தில்கூடச் சாதி தானாக முளைக்கவில்லை. யாரோ ஜாடி செய்ய வேண்டியிருந்தது.

நிஜ அரசுகளும் ஜாடி செய்தன. தென்னாபிரிக்காவில் 1950 இல் வந்த சட்டம் ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதிந்தது. சந்தேகம் வந்தால் தலைமயிருக்குள் பென்சிலைச் செருகி, நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்தார்கள். பிறப்பிலேயே தெளிவான வேறுபாடு என்றால் பென்சில் எதற்கு? எங்கள் பக்கத்திலும் அப்படித்தான். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் தொகுத்து ஒல்லாந்தர் 1707 இல் சட்டமாக்கிய தேசவழமைத் தொகுப்பில் அடிமைகளைப் பற்றித் தனிப் பகுதியே இருந்தது. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844 இல்தான்.

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம், தோட்டங்களில் வேலை செய்த மலையகத் தமிழர்களில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு அவர்களில் பலர் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். முந்திய குடியேற்றத் திட்டங்களில் வந்த பல குடும்பங்களுக்கு இரணைமடுக் குளத்து வாய்க்கால் பாயும் வயல் கிடைத்தது. இவர்களில் பலருக்குக் கிடைத்தது மேட்டுக்காணி, அதற்கும் நெடுங்காலம் அரசின் காணி அனுமதிப் பத்திரமான பெர்மிட் இல்லை. பெர்மிட் இல்லாத காணியை வைத்துக் கடன் எடுக்க முடியாது. கடன் இல்லாவிட்டால் கிணறு இல்லை. பிள்ளை உயர்தரம் முடிக்குமுன்பே கூலிக்குப் போகும். பிறகு ஊர் சொல்லும்: "அதுகள் கூலிக்குப் போற சனம்தானே." ஜாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கையைக் குறை சொல்வது இது.

வன்னிக்கு மிக நெருக்கமான வேற்றுக்கிரகக் கதை 1996 இல் ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வந்தது. பஜோர் கிரக மக்களை அந்நியப் படை அரை நூற்றாண்டு ஆக்கிரமித்திருந்தது. அதை எதிர்த்துப் போராடுவதற்காகக் குலத்தொழில் முறையைக் கைவிட்டிருந்தார்கள். விடுதலைக்குப் பிறகு, இருநூறு வருடத்துக்கு முந்திய கவிஞர் ஒருவர் காலம் தாண்டி வந்து, பழைய முறைக்குத் திரும்புங்கள் என்கிறார். சனம் திரும்பத் தொடங்குகிறது. போராளியாக இருந்த ஒரு பெண், தன் குலம் கலைஞர் குலம் என்பதற்காகக் களிமண்ணோடு மல்லுக்கட்டுகிறாள். ஒரு மதகுரு, தாழ்ந்த குலத்தவர் என்பதற்காக இன்னொரு மதகுருவைத் தள்ளிக் கொன்றுவிடுகிறார்.

2009 இல் போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் குழாயடியில் நின்றவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை. வாளியும் கானும் வரிசையாகக் கிடக்கும். யாருடைய வாளியில் யாருடைய கை பட்டது என்று பார்க்க ஒருவருக்கும் தெம்பில்லை. எல்லாருக்கும் ஒரே கிடாரச் சோறு. அதற்கு முந்திய போர்க்காலத்திலும் சாதியை வெளியே பேசப் பயந்தார்கள். பேசாமல் இருந்ததை, ஒழிந்துவிட்டது என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம். 2010 இல் ஊர் திரும்பி, கிணறு இறைத்து, கோயிலுக்குத் தகரம் போட்டோம். திருவிழா உபயம் எழுத உட்கார்ந்த அன்றே, எந்தக் குடும்பத்துக்கு எத்தனையாம் திருவிழா, யாருக்கு ஒன்றுமில்லை என்பது வந்துவிட்டது. பழைய கொப்பி எரிந்துபோயிருந்தது. எல்லாருக்கும் அது மனப்பாடம்.

எங்களிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 1957 இன் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் இருக்கிறது. 1978 அரசியலமைப்பின் 12(2) உறுப்புரையில் சாதி என்ற சொல்லே இருக்கிறது. இவற்றை மனனம் செய்து பிள்ளைகள் நல்ல புள்ளி எடுப்பார்கள். ஆனால் கலியாணப் பேச்சுக்குள் சட்டம் வராது. வகுப்பறைக்குள்ளும் அது தானாக வராது, நாங்கள்தான் கொண்டுவர வேண்டும்.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு மூன்று கிழமை என் வகுப்பையே கவனித்தேன். துப்புரவு அட்டவணையில் எல்லாப் பெயரும் முறைப்படி இருந்தது. விளக்குமாறு மட்டும் அநேகமாக ஒரே மூன்று பிள்ளைகளின் கையில் இருந்தது. ஏன் என்று கேட்டேன். "அவைக்குப் பழக்கம் ரீச்சர்" என்றார்கள். மற்ற ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அட்டவணையைப் பார்க்காமல் கையைப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தல் யாரோடு பகிரப்படுகிறது, சுற்றுலா பஸ்ஸில் யார் தனியே இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இப்போது கூட்டி முடித்த பிள்ளையே என் முன்னால் ஒப்பம் வைக்க வேண்டும். இரண்டாம் கிழமையே ஒரு தாய் வந்தார்.

"என்ர பிள்ளையை ஏன் கூட்ட விடுறியள் ரீச்சர்? அதுக்கெண்டு பிள்ளையள் இருக்குத்தானே."

அட்டவணையை அவர் பக்கம் திருப்பினேன். திங்கட்கிழமைக்கு நேரே அவருடைய மகனின் பெயர். வெள்ளிக்கிழமைக்கு நேரே என்னுடையது.