பிரெயில்: சொல் விளக்கம்

பிரெயில் என்பது பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளி எழுத்து முறை. அது ஓர் ஆளின் பெயர். லூயி பிரெயில் 1809-இல் பாரிசுக்குக் கிழக்கே கூவ்ரே என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே பார்வை போயிற்று. 1824-இல், பதினைந்து வயதில், இந்த முறையை உருவாக்கினார். 1829-இல் அது நூலாக வந்தது. அதற்கு முன்பும் பாரிசில் பார்வையற்றோருக்கு நூல்கள் இருந்தன. லத்தீன் எழுத்தையே தாளில் புடைக்க வைத்தவை. தடவிப் படிக்கலாம், கையால் எழுதுவது பெரும்பாடு. தன் வரியைத் தானே எழுதித் தானே திருத்த வழிவிட்டது ஆறு புள்ளிதான். பிறவியிலேயே பார்வையில்லாத எழுத்தாளருக்கு அதைவிடப் பெரிய விடுதலை இல்லை.

தமிழில் இதைப் 'புள்ளியெழுத்து' என்றால் குழப்பம்; தொல்காப்பியக் காலம் முதல் நமக்குப் புள்ளி மெய்யெழுத்துக்கு உரியது. 'புடைப்பெழுத்து' என்றால் பழைய லத்தீன் நூல்களும் அதில் சேர்ந்துவிடும். 'தொடுபுள்ளி எழுத்து' பொருந்தும். பேச்சில் பிரெயில் என்றே இருக்கட்டும்.

தமிழ்ப் பிரெயில், இந்திய மொழிகளுக்கான பொது முறையான பாரதி பிரெயிலின் பகுதி. ஒரு குறிக்கு ஒரு கட்டம்; அதில் ஆறு புள்ளிக்கு இடம். இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. 'அம்மா' ஐந்து கட்டம்: அ, புள்ளி, ம, ம, ஆ. மெய்யைக் காட்டும் புள்ளிக்குறி இங்கே மெய்க்கு முன்னே வரும். கட்டங்கள் வெட்டிய எழுதுசட்டத்தில் தாளைப் பூட்டி ஊசியால் குத்தும்போது வலமிருந்து இடமாக, கண்ணாடிப் பிம்பமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பினால்தான் படிக்கலாம். இடம் வலம் மாறினால் அ மெய்ப்புள்ளிக் குறியாகும், இ ஏ ஆகும், ஈ எ ஆகும். கூடுதலாகக் குத்திய புள்ளியை நகத்தால் அமுக்கிவிடலாம். விட்டுப்போன புள்ளியைச் சேர்க்கத் தாளை மறுபடி அதே இடத்தில் பொருத்துவது கடினம். அதனால் முதல் வரைவில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதுவது நல்லது. சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள சாதாரணத் தாளில் புள்ளி அமுங்கிவிடும். 140 கிராம் போன்ற தடித்த தாள் நல்லது. பெர்க்கின்ஸ் என்ற பிரெயில் தட்டச்சுப் பொறியில் ஆறு விசையும் ஓர் இடைவெளி விசையும் உண்டு; நேராகவே எழுதி உடனே தடவிப் பார்க்கலாம்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வர்த் பக்கம் ஆங்கிலப் பிரெயிலில் படித்து வளர்ந்தவருக்கு க, ம, ப, ல, ர பழகிய வடிவங்களே. சிக்கல் ஆங்கிலச் சுருக்கக் குறிகளில். அங்கே 'ஆஃப்' (of) என்ற சொல்லுக்கான குறி இங்கே ழ. 'இஆர்' (er) என்ற எழுத்துச் சேர்க்கையின் குறி இங்கே ற. எண்குறி இங்கே ண. கணினி எழுத்தைப் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெயில் திரையில் மொழியைத் தமிழுக்கு மாற்றாவிட்டால் வரி முழுக்கக் குப்பையாகும்.

படிக்க நூல் கிடைப்பதும் எழுத்தாளர் பிழைப்பில் பாதி. தென்னாப்பிரிக்காவின் மக்காண்டா நகரில் 1919 முதல் பார்வையற்றோர் நூலகம் இருக்கிறது. ஆனாலும் உரிமையாளர் அனுமதியின்றி ஒரு நூலைப் பிரெயிலாக்க அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் முன்பு இடம் தரவில்லை. 2022 செப்டம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.