மலை மேல் டியூன் செய்த சூப்பர்சார்ஜர் வண்டியை டர்பனில் அப்படியே மிதிக்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் கடலோர நகரம் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு திங்கட்கிழமை காலை டோ டிரக்கில் ஒரு வண்டி வந்து இறங்கியது. எண்பதுகளில் வந்த டொயோட்டா கூப்பே, பின்சக்கர டிரைவ். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு டொயோட்டாவின் சூப்பர்சார்ஜர் எஞ்சினான 4ஏ-ஜி.இசட்.இ-யை உட்கார வைத்திருந்தார்கள். வண்டிக்காரத் தம்பிக்குச் சொந்த ஊர் திருநெல்வேலி. ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்த்தவர், மாற்றலாகி டர்பன் வந்திருக்கிறார்.

"அண்ணே, அங்கிருந்து என்3 ஹைவேல ஒரு குறையும் இல்லாம ஓடி வந்துச்சு. இங்க வந்து ரெண்டாம் நாள் உம்லங்கா போற ரோட்டுல நல்லா மிதிச்சேன். அதுக்கப்புறம் நீலமா புகை தள்ளுது."

பிளக் நான்கையும் கழற்றி மேஜையில் வரிசையாக வைத்தேன். மூன்று சுத்தமாக இருந்தன. மூன்றாவது சிலிண்டரின் பிளக்கில் மட்டும் வெள்ளைப் பீங்கான் மேல் பொடிப்பொடியாகப் புள்ளிகள், மிளகுத்தூள் தூவியதுபோல. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அவை வெள்ளியாக மின்னின. கரியாக இருந்தால் அப்படி மின்னாது. அது பிஸ்டனின் அலுமினியம். ஹெட்டைத் திறந்தபோது ரிங் உட்காரும் விளிம்பு உடைந்திருந்தது.

வேலை செய்தவர்கள் மோசமானவர்கள் இல்லை. மவுன்ட், வயரிங், வெல்டிங் எல்லாமே நேர்த்தி. ஆனால் அந்த எஞ்சினை ஜோகன்னஸ்பர்க் காற்றுக்குத்தான் டியூன் செய்திருந்தார்கள்.

அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம். காற்றழுத்தம் அங்கே ஏறக்குறைய 0.83 பார், டர்பனில் 1.01 பார். சூப்பர்சார்ஜர் பெல்ட்டில் சுற்றும் ஒரு காற்றுப் பம்பு; எடுக்கும் காற்றை ஏறக்குறைய ஒரே விகிதத்தில்தான் அழுத்தும். 1.6 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே 0.83 என்பது 1.33 ஆகும். இங்கே 1.01 என்பது 1.62 ஆகும். எஞ்சினுக்குள் போகும் காற்று ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிடுகிறது.

சூப்பர்சார்ஜர் கூட்டும் அழுத்தத்தை, அதாவது பூஸ்ட்டை, அளக்கும் பூஸ்ட் கேஜ் இதைக் காட்டிக்கொடுக்காது. அது வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். அங்கே 0.5 காட்டிய முள் இங்கே 0.6 காட்டும். "ஒரு புள்ளிதானே கூடியிருக்கு" என்று தம்பி நினைத்தார். உண்மையில் கூடியது 0.29 பார்.

போதாததற்கு, மேலே காற்று மெல்லிசு, பூஸ்ட் போதவில்லை என்று சூப்பர்சார்ஜருக்குச் சின்ன புல்லி மாட்டியிருந்தார்கள். அங்கே அது நியாயமான வேலைதான். டேங்கில் இருந்தது 93 ஆக்டேன் பெட்ரோல். ஆக்டேன் எண் கூடக் கூட, பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும். கடலிலிருந்து தள்ளி, மேட்டு நிலத்தில் இருக்கும் ஊர்களில் 93 சர்வசாதாரணம். மெல்லிய காற்றில் சாதாரண எஞ்சின்களுக்கு அது போதும். கடலோரம் இறங்கினால் எல்லோரும் போடுவது 95. தம்பி கடைசியாக வழியில் ஹாரிஸ்மித் ஊரில் நிரப்பியிருக்கிறார், அதுவும் 93. கூடுதல் காற்று, குறைந்த ஆக்டேன், டர்பன் வெயில், மாற்றாத இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்). நான்கும் ஒன்று சேர்ந்தால் பெட்ரோல் தானாகவே வெடிக்கும். இதைத்தான் நாக் என்பார்கள்; பிஸ்டனை உடைத்தது அதுதான்.

அப்படியென்றால் வழியெல்லாம் ஏன் ஒன்றும் ஆகவில்லை? இந்த எஞ்சினின் எஸ்.சி.12 சூப்பர்சார்ஜரில் மின்காந்தக் கிளட்ச் இருக்கிறது. சீராக ஓடும்போது அது விலகியே இருக்கும், மிதித்தால்தான் பிடிக்கும். வான் ரீனன் கணவாயிலிருந்து இறக்கம்தான் அதிகம், அவரும் நிதானமாகவே வந்திருக்கிறார்.

இன்னொன்றைப் பார்த்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. டொயோட்டா இந்த எஞ்சினுக்கு, அந்த வெடிப்பைக் கண்டுபிடிக்கும் நாக் சென்சார் கொடுத்திருக்கிறது. சென்சார் பிளாக்கில் இருந்தது, அதன் வயர் மட்டும் டேப் சுற்றி ஃபயர்வால் ஓரமாகத் தொங்கியது. புது ஈ.சி.யு (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டர்) போட்டவர்கள் அதை இணைக்கவில்லை. இணைத்திருந்தால் அந்தப் பிஸ்டன் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

எஞ்சின் மாற்றமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டொயோட்டாவின் 4ஏ எஞ்சின் குடும்பத்தை டர்பனில் எல்லோருக்கும் தெரியும், டொயோட்டா கான்க்வெஸ்ட் ஆர்.எஸ்.ஐ கார் காலத்திலிருந்து இந்த ஊர் கைகள் அதில் பழகியவை. சூப்பர்சார்ஜர் இல்லாத சாதாரண 4ஏ-ஜி.இ-யின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) 9.4 என்றால், 1986-ல் வந்த முதல் ஜி.இசட்.இ-யில் அதை 8.0 ஆகக் குறைத்து, ஃபோர்ஜ்டு பிஸ்டனும் போட்டுத்தான் விட்டார்கள். சாதாரண எஞ்சின் மேல் சூப்பர்சார்ஜரைத் தனியாக மாட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஜப்பானிலிருந்து வரும் பழைய எஞ்சினை வாங்குவதாக இருந்தால் ஒரு விஷயம். சூப்பர்சார்ஜர் புல்லியைக் கையால் சுற்றிப் பார்த்து "நல்லா ஓடுதே" என்று பணம் கொடுத்துவிடுகிறார்கள். கிளட்ச் பிடிக்காதபோது புல்லி சும்மாதான் சுற்றும், உள்ளே ரோட்டர் அசையாது. புல்லிக்கு முன்னால் இருக்கும் தகட்டைப் பிடித்துச் சுற்றுங்கள். கரகரவென்று உரசினால் விட்டுவிடுங்கள். கிளட்சுக்கு 12 வோல்ட் கொடுத்தால் 'டக்' என்று பிடிக்க வேண்டும். சூப்பர்சார்ஜர் கியருக்குத் தனி ஆயில் உண்டு, எஞ்சின் ஆயில் அங்கே போகாது. அதையும் பாருங்கள்.

அப்புறம் பேப்பர். பதிவில் எஞ்சின் எண்ணை மாற்ற வேண்டும், அதற்குப் போலீஸ் கிளியரன்ஸ் வேண்டும். இன்சூரன்ஸ்காரர்களுக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். பிரேக்கைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

தம்பியின் வண்டிக்கு நான்கு பிஸ்டனும் புதிதாகப் போட்டு, சின்ன புல்லியைக் கழற்றிவிட்டு முதலில் இருந்த அளவுப் புல்லியை மாட்டி, நாக் சென்சாரை இணைத்து, எஞ்சின் சக்தியை அளக்கும் டைனோ மெஷினில் 95 பெட்ரோலுக்கு மறுபடி டியூன் செய்தோம். காற்றழுத்தத்தைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும்படி ஈ.சி.யு-வுக்கு ஒரு பாரோ சென்சாரும் சேர்த்தாயிற்று.

நீங்களும் மேலேயிருந்து இப்படி ஒரு வண்டியை வாங்கி ஓட்டி வருவதாக இருந்தால், கிளம்பும்போதே 95 நிரப்புங்கள். அங்கேயும் கிடைக்கும், விலை கொஞ்சம் கூட. எந்த அளவுப் புல்லி, எந்தப் பெட்ரோலுக்கு டியூன் செய்தது, நாக் சென்சார் வேலை செய்கிறதா என்று விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டும்போது காற்று கனத்துவிட்டிருக்கும். முள் பூஸ்ட் பக்கம் போகாமல் மெதுவாக ஓட்டி, டியூன் செய்பவரிடம் நேராக வந்துவிடுங்கள்.