கிராஃபைட் ஷாஃப்டை முறுக்காதீர்கள்

கோல்ஃப் ஆடும் மட்டைக்குக் கிளப் என்று பெயர்; அதன் தலையிலிருந்து கிராஃபைட் ஷாஃப்டை, அதாவது தண்டைக் கழற்றுவது வெல்டிங் பட்டறை வேலை இல்லை. என்னிடம் பழுதுபார்க்க வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போன வாரமும் ஒருவர் வந்தார். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அங்கே வாங்கிய டிரைவர் (தூரம் அடிக்கிற நீளமான கிளப்), தலை ஆட்டம் கண்டிருக்கிறது. "பட்டறையில கழட்டித் தந்துட்டாவ அண்ணாச்சி, நீங்க ஒட்டி மட்டும் தந்தாப் போதும்" என்று நீட்டினார். ஷாஃப்டின் நுனி படலம் படலமாகப் பிரிந்து, விரலால் அமுக்கினாலே நெளிந்தது. இனி இது ஆகாது என்றதும் அவருக்குக் கோபம். "பெயின்ட் கூடப் போகலையே!"

பாளையங்கோட்டையில் கோல்ஃபா என்று கேட்பவர்களுக்கு: வெளிநாடு போய் வந்தவர்களும் தூத்துக்குடித் துறைமுகப் பக்கம் வேலை பார்ப்பவர்களும் கிளப் வைத்திருக்கிறார்கள். லீவுக்குக் கொடைக்கானல் போய் ஆடுகிறார்கள். பாட்மின்டன் பேட்டுகளுக்கு நடுவே எனக்கு இதுவும் வரத்தான் செய்கிறது.

பட்டறைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பார்த்துப் பழகியது ஸ்டீல். ஸ்டீல் ஷாஃப்டைச் சூடாக்கி, வைஸில் பிடித்து ஒரு முறுக்கு முறுக்கினால் பசை விட்டு வந்துவிடும், குழாய்க்கு ஒன்றும் ஆகாது. அதே கையோடு கிராஃபைட்டையும் முறுக்கிவிடுகிறார். கிராஃபைட் ஷாஃப்ட் என்பது கரி இழைகளைத் தாளாகப் பரப்பி, பிசின் ஊட்டி, சுற்று மேல் சுற்றாகச் சுருட்டி இறுக்கியது. பத்தமடைப் பாயைச் சுற்றுக்குச் சுற்று பசை தடவிச் சுருட்டி வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். பசை இளகியிருக்கும்போது அந்தச் சுருளைப் பிடித்துத் திருகினால் என்ன ஆகும்? உள்சுற்று ஒரு பக்கம், வெளிச்சுற்று ஒரு பக்கம் நழுவும். ஆறினதும் பார்வைக்குப் பழையபடிதான் இருக்கும். ஆனால் சுற்றுகளுக்கு நடுவே பிடிப்பு போயிருக்கும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அப்படிப்பட்ட ஷாஃப்ட் வீசும்போது முறிந்தால் தலை எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பக்கத்தில் நிற்பது உங்கள் பிள்ளையாகவும் இருக்கலாம்.

சூடும் அளவோடுதான் வேண்டும். ஷாஃப்டை ஒட்டியிருக்கும் எபாக்ஸி பசை பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸ் தாண்டினால் பிடி தளரும். கேஸ் டார்ச்சின் சுடரோ ஆயிரம் டிகிரிக்கும் மேல். ஹீட் கன் போதும். அதையும் ஹோசல் (தலையில் ஷாஃப்ட் நுழையும் குழல்) மேல் மட்டும், சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள், ஷாஃப்ட் மேல் காட்ட வேண்டாம். ஹோசலுக்கு மேலே இருக்கும் பிளாஸ்டிக் வளையமான ஃபெரூலை முதலிலேயே வெட்டி எடுத்துவிடுங்கள். அப்புறம் ஷாஃப்டை இழுத்தெடுக்கும் கருவியான புல்லரில் மாட்டி நேராக, நிதானமாக இழுக்க வேண்டும். வரவில்லையா, இன்னும் கொஞ்சம் சூடு காட்டுங்கள், பலத்தைக் கூட்டாதீர்கள். புல்லர் இல்லையென்றால் தயவுசெய்து தொடவே தொடாதீர்கள்.

அதற்கும் முன்னால், டிரைவரின் அடியில் ஹோசல் பக்கம் ஒரு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வருகிற டிரைவர்கள் பலவற்றிலும் இருக்கும். கூடவே தந்த டார்க் ரெஞ்சால் (அளவோடு இறுக்கும் திருகுச் சாவி) திருகினால் ஷாஃப்ட் தானாகக் கழன்று வரும். சூடே தேவையில்லை. அதையும் நெருப்பில் வாட்டிக் கொண்டுவருகிறார்கள். என்ன சொல்ல!

திரும்ப மாட்டுவதில் நிறையப் பேர் கெடுப்பது நுனியைத் தேய்க்கும்போதுதான். ஹோசலுக்குள் போகும் நீளத்துக்கு மட்டும் உப்புத்தாளால் பெயின்ட்டை எடுக்க வேண்டும். தூசி கறுப்பாக வரத் தொடங்கினால் இழையைத் தொட்டுவிட்டீர்கள், அங்கேயே நிறுத்துங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போடுங்கள். ஹோசலுக்குள் இருக்கும் பழைய பசையை முழுக்கச் சுத்தம் செய்யுங்கள். அதன் வாய் விளிம்பு கூராக இருந்தால் சரிவாக ராவிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் அந்த விளிம்பு ஷாஃப்டை அறுக்கும். டிரைவருக்குப் பெரும்பாலும் 0.335 அங்குல விட்டமுள்ள நுனிதான் வரும். துளை பெரிது என்று டேப் சுற்றித் திணிக்க வேண்டாம்.

5 நிமிஷப் பசை வேண்டவே வேண்டாம். ஷாஃப்டுக்கென்று வரும் எபாக்ஸியைப் போட்டு, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள். சாயங்காலம் ஆட வேண்டும் என்று காலையில் வந்து நிற்பவர்களுக்கு நான் செய்து தருவதில்லை.

நீளம் குறைக்க வேண்டுமென்றால் கைப்பிடிப் பக்கம் வெட்டுங்கள். நுனிப் பக்கம் வெட்டினால் விறைப்பே மாறிவிடும். வெட்டும் இடத்தில் டேப் சுற்றி, அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஆக்ஸா பிளேடால் மெதுவாக அறுங்கள். பைப் கட்டர் ஷாஃப்டை நசுக்கிவிடும்.

அப்புறம், நம் ஊர் சித்திரை வெயிலில் கிளப்பைக் கார் டிக்கியில் மாதக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். பசை தளர்வதற்கு அந்தச் சூடும் ஒரு காரணம். தலை லேசாக ஆடினாலோ, ஆட்டும்போது கடகடவென்று சத்தம் கேட்டாலோ, கழற்றாமல் அப்படியே கொண்டுவாருங்கள். பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை.