நான்கு வகைக் குப்பை: புதிய விதியில் நம் பங்கு எது, அவர்கள் பங்கு எது?

வீட்டுக் குப்பைக்கு நாடு முழுவதும் புதிய விதிகள் வந்திருக்கின்றன. திடக்கழிவு மேலாண்மை விதிகள், 2026 என்று பெயர். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஜனவரியில் அறிவிக்கை வெளியிட்டது. ஏப்ரல் 1, 2026 முதல் நடைமுறை. 2016-ஆம் ஆண்டின் பழைய விதிகளுக்குப் பதிலாக வந்தவை இவை.

விதி என்றாலே "பிரிச்சுப் போடலைன்னா அபராதமாமே" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் இந்த விதிகளில் நாம் செய்ய வேண்டியதைவிட உள்ளாட்சி அமைப்பும், பொருள் தயாரிக்கும் நிறுவனங்களும் செய்ய வேண்டியதுதான் அதிகம். அது தெரிந்தால்தான் நாம் எதைக் கேட்கலாம் என்பது தெரியும்.

முதலில் நம் பங்கு. இதுவரை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று இரண்டாகப் பிரித்துப் பழகியிருக்கிறோம். இனி நான்கு: ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் தேவைப்படும் கழிவு. நான்கு என்றதும் சமையலறையில் நான்கு பெரிய தொட்டி வைக்க இடமேது என்று மலைக்க வேண்டாம். பின்னிரண்டும் பெரும்பாலான வீடுகளில் கொஞ்சம்தான் சேரும். ஈரத்துக்கு மூடியுள்ள ஒரு வாளி, உலர்ந்ததற்கு ஒரு சாக்குப் பை, மற்ற இரண்டுக்கும் ஆளுக்கொரு சின்னப் பை போதும். கைக்குழந்தை உள்ள வீட்டில் மட்டும் கணக்கு மாறும். அங்கே டயப்பருக்கென்றே ஒரு வாளி வேண்டியிருக்கும்.

ஈரக் குப்பையில் பெரிய குழப்பம் கிடையாது. காய்கறித் தோல், மிச்சச் சோறு, மீன் செதில், முட்டை ஓடு, சாமி படத்துக்குப் போட்ட பூ எல்லாம் இதில் சேரும். இவை உரமாகவோ எரிவாயுவாகவோ மாற வேண்டும் என்பது விதியின் நோக்கம். தேங்காய் ஓடுதான் வம்பு. மக்கும் பொருள்தான், ஆனால் மக்க ரொம்ப நாள் எடுக்கும். உரம் போடுகிற இடத்தில் அதைப் பார்த்தாலே முகம் சுளிப்பார்கள். உங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரிடம் எதில் போடுவது என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

உலர் குப்பை என்பது காகிதம், அட்டை, பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம், மரம், ரப்பர் வகையறா. இதில் ஒரு பகுதி முன்பிருந்தே காயலான் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. செய்தித்தாளையும் பால் கவரையும் எடைக்குப் போடுவதற்கு யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சிக்கல், கடைக்காரர் வாங்காத பொருள்களில்தான். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் உறை போன்றவற்றில் பிளாஸ்டிக்கோடு வேறு படலங்களும் ஒட்டியிருப்பதால் மறுசுழற்சிக்கு எடுப்பவர்கள் குறைவு. அதற்காக அவற்றை ஈரக் குப்பையில் தள்ளக் கூடாது; உலர் குப்பையிலேயே கொடுங்கள். மறுசுழற்சிக்கு ஆகாத, ஆனால் எரியக்கூடிய இத்தகைய கழிவைத் தனியே பிரித்துச் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்புவார்கள். ஆலைகள் பயன்படுத்தும் எரிபொருளில் இதன் பங்கை ஆறு ஆண்டுகளில் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்த்தச் சொல்கிறது புதிய விதி. எரிப்பது நல்ல தீர்வா என்பது தனி விவாதம். குப்பைமேட்டில் திறந்தவெளியில் புகைவதைவிட மேல், அவ்வளவுதான் சொல்லலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: சாம்பார் ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவாமல் போட்டால் கூடவே இருக்கும் காகிதமும் வீணாகும். பாத்திரம் கழுவிய தண்ணீரில் ஒரு அலசு அலசினால் போதும்.

சுகாதாரக் கழிவு என்பது பயன்படுத்திய டயப்பர், நாப்கின், ஆணுறை போன்றவை. இவற்றை நன்றாகச் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். வேறு ஒரு மனிதர் அதைக் கையால் தொட நேரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இங்கே நிறுவனங்களுக்கும் ஒரு கடமை உண்டு. ஒவ்வொரு நாப்கினையும் டயப்பரையும் சுற்றிப் போட உறையைப் பாக்கெட்டோடு சேர்த்தே தர வேண்டும் என்று 2016 விதிகளிலேயே எழுதியிருந்தது. இத்தனை ஆண்டுக்குப் பிறகும் உறை இல்லாத பாக்கெட்டுகள் கடைக்கு வருகின்றன. பாக்கெட்டின் பின்புறம் நுகர்வோர் சேவை எண் இருக்கும், அழைத்துக் கேட்கலாம்.

நான்காவது வகையில் பெயிண்ட் டப்பா, பல்ப், பாதரசத் தெர்மாமீட்டர், காலாவதியான மருந்து ஆகியவை வருகின்றன. அளவு குறைவு, ஆபத்து அதிகம். உடைந்த டியூப் லைட்டை அப்படியே பையில் போட்டுக் கொடுத்தால் பணியாளரின் கைதான் கிழியும். தடித்த காகிதத்தில் சுற்றி, மேலே எழுதி வையுங்கள்.

மின்சாதனமும் பேட்டரியும்

பழைய செல்போன், சார்ஜர், மிக்ஸி, கணினி இவற்றுக்குத் தனிச் சட்டம். மின்னணுக் கழிவு விதிகள், 2022 என்பது ஏப்ரல் 1, 2023 முதல் நடப்பில் இருக்கிறது. முன்பு 21 வகைச் சாதனங்களுக்கு மட்டும் இருந்த பொறுப்பு இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளுக்கு விரிந்திருக்கிறது. அந்தப் பொறுப்பு தயாரிப்பு நிறுவனத்தின் தலையில்: விற்ற பொருளின் ஆயுள் முடிந்ததும் அதில் குறிப்பிட்ட விழுக்காட்டை, பதிவு பெற்ற மறுசுழற்சி நிலையங்கள் வழியாக மறுசுழற்சி செய்ததாகக் கணக்குக் காட்ட வேண்டும். ஆகவே பழைய பொருளை எங்கே கொடுப்பது என்று நிறுவனத்திடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. பெரும்பாலான பெரிய நிறுவனங்களின் இணையதளத்தில் சேகரிப்பு மையங்களின் பட்டியல் கிடைக்கும். ஆனால் பழையதற்குப் பணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சில கடைகள் புதிய பொருள் வாங்கும்போது கழித்துக் கொடுப்பது அவர்களின் வியாபாரம்.

பேட்டரிக்கும் 2022-இல் தனி விதிகள் வந்தன. சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் சின்ன பேட்டரி முதல் வண்டி பேட்டரி வரை எல்லாம் அதில் அடக்கம். வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுப்பது நம் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. இதை மட்டும் கறாராகவே சொல்ல வேண்டும். போன், பவர் பேங்க் ஆகியவற்றில் இருக்கும் லித்தியம் பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். உப்பிப்போன பேட்டரியைக் குத்திப் பார்ப்பதும் கூடாது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு

20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல் தளப்பரப்பு, அல்லது நாளுக்கு 40,000 லிட்டர் தண்ணீர்ப் பயன்பாடு, அல்லது நாளுக்கு 100 கிலோ குப்பை: இவற்றில் எந்த ஒன்று பொருந்தினாலும் உங்கள் வளாகம் மொத்தக் குப்பை உருவாக்குவோர், அதாவது பெரிய அளவில் குப்பை சேர்ப்பவர்கள் கணக்கில் வரும். தண்ணீர்க் கணக்கில்தான் பலரும் மாட்டுவார்கள். நகரங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான திட்ட அளவு. அப்படியானால் சுமார் 300 பேர், அதாவது வீட்டுக்கு நான்கு பேர் வீதம் 75 வீடுகள் இருந்தாலே எல்லையைத் தொட்டுவிடும். "நாங்க சின்ன அபார்ட்மென்ட்தானே" என்று சங்கம் உட்கார்ந்திருக்க முடியாது.

இந்தக் கணக்கில் வந்தால் ஈரக் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும். இடம் இல்லாமல் முடியாது என்றால் அதற்கு ஈடாகச் சான்று பெற வழி வைத்திருக்கிறார்கள். பதிவு செய்யாமல் இருந்தாலோ பொய்க் கணக்குக் கொடுத்தாலோ சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டியிருக்கும். இடம் இருக்கிற வளாகங்கள் சான்று வாங்கித் தப்பிப்பதைவிட உரத்தொட்டி வைப்பதே மேல் என்பது என் கருத்து. தொட்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும், அது முக்கியம். ஆர்வத்தில் வாங்கிப் போட்டு, நாற்றமடித்ததும் மூடிய தொட்டிகள் எத்தனையோ.

நாம் கேட்கக்கூடியவை

வீடு வீடாக வந்து, பிரித்த குப்பையை வாங்கிக்கொள்வது உள்ளாட்சி அமைப்பின் வேலை. பணியாளர்களுக்குக் கையுறை, முகக்கவசம், காலணி, மழைக்கோட்டு கிடைக்கச் செய்வதும் அதன் பொறுப்பு என்று 2016 விதிகளே சொல்லிவிட்டன. உங்கள் தெருவுக்கு வருபவர் வெறுங்கையோடு குப்பையைக் கிளறினால், அதுவும் புகாராகக் கொடுக்க வேண்டிய விஷயம்தான்.

எல்லோரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: "நாம பிரிச்சுக் கொடுத்தாலும் வண்டியில ஒண்ணாத்தான் கொட்டுறாங்க." பல ஊர்களில் உண்மைதான். அதற்காகப் பிரிப்பதை நிறுத்துவதில் லாபமில்லை. வண்டி ஓட்டுபவரிடம் சண்டை போடுவதிலும் அர்த்தமில்லை. வண்டியில் தடுப்பு வைப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது அவரல்ல. தேதி, நேரம், தெரு, வண்டியின் படம் ஆகியவற்றோடு எழுத்தில் புகார் கொடுங்கள். சென்னை மாநகராட்சிக்கு 1913 என்ற எண் இருக்கிறது. மற்ற நகரங்களில் அந்தந்த மாநகராட்சி, நகராட்சி ஆணையருக்கும், பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கும் எழுதலாம்.

ஊராட்சியில் இருப்பவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடும். தூய்மைக் காவலர்கள் எத்தனை பேர், உரக்கிடங்கு இயங்குகிறதா என்று அங்கே கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாகப் பேசிவிட்டு வந்தால் அடுத்த கூட்டத்தில் யாருக்கும் நினைவிருக்காது.

இதற்கும் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். "குப்பையை ஏன் சரியாக எடுப்பதில்லை?" என்று கேட்டால் சுற்றிவளைத்துத்தான் பதில் வரும். பதிவேட்டைப் பார்த்துச் சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்: எங்கள் வார்டில் கடந்த மூன்று மாதங்களில் சேர்ந்த உலர் குப்பையின் எடை எவ்வளவு, அது எந்த நிலையத்துக்கு அனுப்பப்பட்டது, அனுப்பியதற்கான பதிவேட்டின் நகல் தேவை.